ஆடு புலி ஆட்டத்தை மொபைல் கேமாகச் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

கிடைக்காரன்:

வணக்கம். ஆடு புலி ஆட்டத்தை ஆண்ட்ராய்டு கேமாகக் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. பலகை நாம் எல்லோரும் ஆடும் அதே 23 புள்ளிப் பலகை. 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் புலியை நகர விடாமல் அடைக்கும். அதோடு நான் சேர்க்க நினைப்பது ஒரு நாய். ஆடுகளின் பக்கம் நிற்கும். நாயைப் புலி தாண்டி வெட்ட முடியாது. இது போக 40 ஊர்கள், ஊருக்கு ஒரு சின்னக் கதை, கம்ப்யூட்டரை எதிர்த்து ஆட மூன்று நிலைகள், ஆன்லைனில் இருவர் ஆடும் வசதி. எல்லா எழுத்தும் தமிழில்.

பைத்தான் அடிப்படை தெரியும்: லூப், லிஸ்ட், ஃபங்ஷன், கொஞ்சம் கிளாஸ். படம் வரைய வராது. லேப்டாப்பில் 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்க முடியும்.

கேம் செய்யும் மென்பொருளாக (இஞ்சின்) எதை எடுப்பது, யூனிட்டியா, கோடோவா? பலகை விளையாட்டு டியூட்டோரியல்கள் எல்லாம் செஸ் மாதிரி சதுரக் கட்டத்துக்கே இருக்கின்றன. இந்த முக்கோணப் பலகையை நிரலில் எப்படி எழுதுவது? கம்ப்யூட்டர் ஆட்டக்காரரை எழுத கணிதம் நிறையத் தெரிய வேண்டுமா?

தாயக்கட்டை:

நாயிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கேமில் புதுசு அது ஒன்றுதான். அது சரிப்பட்டு வரவில்லை என்றால் 40 ஊர் இருந்தும் பயன் இல்லை. அதைச் சோதிக்கக் கம்ப்யூட்டரே வேண்டாம். அட்டையில் பலகை வரைந்து, 15 புளியங்கொட்டை, 3 கூழாங்கல், நாய்க்கு ஒரு சட்டைப் பித்தான் வைத்து, ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு பத்துப் பதினைந்து தடவை ஆடிப் பாருங்கள்.

அப்போது கவனிக்க வேண்டியது இது. வழக்கமான ஆட்டத்தில் 15 ஆடும் இறங்கும் வரை ஆட்டுக்காரர் தன் முறையைச் சும்மா விட முடியாது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை எங்காவது வைத்தே ஆக வேண்டும்; நல்ல இடம் இல்லாத நேரத்தில் வைக்கும் ஆடுதான் வெட்டுப்படுகிறது. புலியின் பலத்தில் பாதி இந்தக் கட்டாயத்தில் இருக்கிறது. ஆடு இறக்கும் போதே நாயும் நகரலாம் என்று விதி வைத்தால் அந்தக் கட்டாயம் காணாமல் போய்விடும். ஆபத்து தெரிந்தால் நாயை இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்குமாக நகர்த்தியே ஆட்டுக்காரர் நேரம் கடத்துவார். ஆகவே 15 ஆடும் இறங்கிய பிறகுதான் நாய் நகரும் என்று முதலில் வைத்துப் பாருங்கள்.

அடைப்புக் கணக்கும் மாறும். உச்சிக்குக் கீழே உள்ள வரிசையின் மூலைப் புள்ளியில் நிற்கும் புலியைக் கட்டிப்போட வழக்கமாக 4 ஆடு வேண்டும்: பக்கத்துப் புள்ளி இரண்டில் இரண்டு, அவற்றைத் தாண்டி இறங்கும் புள்ளி இரண்டில் இரண்டு. பக்கத்தில் ஒன்று நாயாக இருந்தால் அதற்குப் பின்னால் ஆடு தேவையில்லை, 3 காய் போதும். உச்சிப் புள்ளியில் நிற்கும் புலிக்கு 8 ஆடு வேண்டும். நாய் இருந்தால் 7. கேட்க ஒரு காய்தான் குறைகிறது என்று தோன்றும், ஆனால் ஆட்டுப் பக்கம் நிச்சயம் கனக்கும். நாய்க்கு ஈடாக இரண்டு ஆட்டைக் குறைத்து 13 ஆடு, 1 நாய் என்று ஆடிப் பார்க்கலாம்.

இஞ்சின்: கோடோ 4. அதன் மொழி ஜிடிஸ்கிரிப்ட் பைத்தான் மாதிரியே உள்தள்ளி எழுதுவது. உங்களுக்குப் பழக அதிக நாள் ஆகாது. இன்ஸ்டால் செய்யும் வேலையும் இல்லை, இறக்கிய ஃபைலைத் திறந்தால் எடிட்டர் வந்துவிடும். காசு கிடையாது, எம்ஐடி உரிமம், விற்றாலும் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. புதிய புராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (திரையில் படம் வரையும் முறை) எது என்று கேட்கும். அங்கே காம்பாடிபிலிட்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு தேர்வான ஃபார்வர்ட் பிளஸ், வல்கன் மாதிரியான புதிய கிராஃபிக்ஸ் முறைகளை நம்பி இருப்பது. உங்கள் லேப்டாப்பிலும் பழைய போன்களிலும் தகராறு செய்யும். யூனிட்டியிலும் இதைச் செய்யலாம், ஆனால் 2டி பலகைக்கு அவ்வளவு கனமான எடிட்டரை 8 ஜிபியில் ஓட்டுவது வீண் சுமை.

டியூட்டோரியல் பார்க்கும்போது அது கோடோ 3க்கா 4க்கா என்று முதலில் பாருங்கள். 3லிருந்து 4க்கு நோட் (கேமைக் கட்டும் உறுப்பு) பெயர்கள், ஃபங்ஷன் பெயர்கள் ஏராளமாக மாறிவிட்டன. தொடங்குபவர்கள் பலர் கைவிடுவது இங்கேதான்: வீடியோவில் ஓடும் கோட் தங்களிடம் ஓடாது, ஏன் என்றும் தெரியாது. கோடோவின் சொந்த ஆவணத்தில் "முதல் 2டி கேம்" என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைக் காப்பி செய்யாமல் கையால் டைப் செய்து முடியுங்கள். சீன் (நோட்கள் சேர்ந்த தொகுப்பு), நோட், சிக்னல் (ஒரு நோட் மற்றதற்கு அனுப்பும் செய்தி) மூன்றும் பிடிபட்டுவிடும்.

முதல் வெளியீட்டில் இருக்க வேண்டியது: ஒரே போனில் இருவர், வழக்கமான விதி, அவ்வளவுதான். ஆன்லைனைத் தள்ளி வையுங்கள். சர்வர் வாடகை, நடுவில் நெட் போனால் மீண்டும் இணைப்பது, பொய்யான நகர்வை சர்வரில் தடுப்பது எல்லாம் எழுதி முடித்தாலும், புதுக் கேமுக்குள் எதிராளி தேடி வருபவர் காலி அறையில்தான் காத்திருப்பார். தூரத்து நண்பரோடு ஆட வேண்டும் என்றால் நகர்வுகளை எண் வரிசையாக எழுதி வாட்ஸ்அப்பில் பகிர வைத்தால் போதும். 23 புள்ளிகள்தானே, ஒரு முழு ஆட்டமும் சில வரிகளில் அடங்கிவிடும்.

நிரல்வாசி:

சதுரக் கட்டம் இல்லை என்பது இங்கே பிரச்சினையே இல்லை. எந்தப் புள்ளி எதற்குப் பக்கத்தில் என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினால்தான் தலை சுற்றும். புள்ளிகளை விட்டுவிட்டுக் கோடுகளை எழுதுங்கள்.

உச்சிக்கு 0 என்று எண் கொடுங்கள். அடுத்த மூன்று வரிசைகளில் இடமிருந்து வலமாக 1 முதல் 6, 7 முதல் 12, 13 முதல் 18. அடி வரிசையில் 19 முதல் 22. இப்போது பலகை முழுவதும் பத்தே கோடுகள்:

1, 2, 3, 4, 5, 6
7, 8, 9, 10, 11, 12
13, 14, 15, 16, 17, 18
19, 20, 21, 22
0, 2, 8, 14, 19
0, 3, 9, 15, 20
0, 4, 10, 16, 21
0, 5, 11, 17, 22
1, 7, 13
6, 12, 18

இந்தப் பத்து லிஸ்ட்டை மட்டும் நிரலில் வையுங்கள். ஒரு கோட்டில் அடுத்தடுத்து வரும் இரண்டு எண்கள் பக்கத்துப் புள்ளிகள். அடுத்தடுத்து வரும் மூன்று எண்கள் ஒரு வெட்டுப் பாதை: புலி முதலாவதில், ஆடு நடுவில், மூன்றாவது காலி. அதையே திருப்பிப் போட்டால் எதிர்த் திசை. இரண்டையும் புரோகிராம் தொடங்கும்போது லூப் போட்டு உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கோட்டிலிருந்து வளைந்து இன்னொரு கோட்டுக்குத் தாண்டும் தப்பான வெட்டு இதில் தானாகவே வராது. உதாரணமாக 2இல் நிற்கும் புலி, உச்சியில் உள்ள ஆட்டைத் தாண்டி 3க்குப் போக முடியாது, ஏனென்றால் 2, 0, 3 எந்தக் கோட்டிலும் வரிசையாக இல்லை.

சரியாக எழுதினீர்களா என்று பார்க்க: பக்கத்து இணைப்புகள் 38 வர வேண்டும், வெட்டுப் பாதைகள் இரண்டு திசையும் சேர்த்து 56. வேறு எண் வந்தால் எங்கோ ஓர் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள்.

பலகையின் நிலை என்பது 23 இடம் உள்ள ஓர் அரே (பைத்தான் லிஸ்ட் போன்றது): காலிக்கு 0, ஆட்டுக்கு 1, புலிக்கு 2, பிறகு நாய்க்கு 3. கூடவே கையில் மிச்சம் உள்ள ஆடு, வெட்டுப்பட்ட ஆடு, யார் முறை. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இந்த விதிகள் அடங்கிய ஸ்கிரிப்டில் படம், ஒலி, பட்டன் எதுவும் நுழையக் கூடாது. "இந்த நிலையில் செல்லுபடியாகும் நகர்வுகள் எவை", "இந்த நகர்வைச் செய்", "ஆட்டம் முடிந்ததா" என்று மூன்று ஃபங்ஷன் மட்டும். திரையில் காண்பிக்கும் ஸ்கிரிப்ட் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வரையட்டும். காய் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதைத் திரையில் உள்ள படத்தின் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கும்படி எழுதுவது தொடங்குபவர்கள் எல்லோரும் செய்வது. காய் நகரும் அனிமேஷன் பாதியில் இருக்கும்போது யாராவது தட்டினால் அங்கேயே குழம்பிவிடும். பின்னால் கம்ப்யூட்டர் ஆட்டக்காரரை எழுதும்போது, திரையே இல்லாமல் ஆயிரக்கணக்கான நகர்வுகளைப் பரிசோதிக்க வேண்டிவரும். அப்போது இந்தப் பிரிவினைதான் காப்பாற்றும்.

எழுதும் முன் இவற்றை முடிவு செய்து தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் மாறும் விஷயங்கள் இவை. தொடக்கத்தில் மூன்று புலியும் எங்கே? வெட்டு கட்டாயமா? ஒரே முறையில் தொடர்ந்து இரண்டு மூன்று வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? ஆட்டுக்காரருக்கு நகர்த்த இடமே இல்லாமல் போனால் என்ன? கடைசியாகச் சொன்னது அபூர்வம்தான். ஆனால் அதற்கு விடை எழுதாத கோட், காலி லிஸ்ட்டிலிருந்து நகர்வை எடுக்கப் போய் கேமையே நிறுத்திவிடும்.

மஞ்சள்பலகை:

ஒரு மாற்றுக் கருத்து. பைத்தான் தெரியும் என்கிறீர்கள். நிரல்வாசி சொன்ன மூன்று ஃபங்ஷனையும் முதலில் பைத்தானிலேயே எழுதி, கறுப்புத் திரையில் எண்களை டைப் செய்து ஆடிப் பாருங்கள். இஞ்சினும் புதுசு, விதியும் புதுசு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றால், எங்கே தப்பு என்று பிரித்துப் பார்க்க முடியாது. எல்லாம் சேர்த்து 150 வரிக்குள் அடங்கும் வேலை இது.

நிரல்வாசி:

பைத்தானில் எழுதினால் பிறகு ஜிடிஸ்கிரிப்டில் மறுபடி எழுத வேண்டும், இரட்டை வேலை. கோடோவிலேயே விதி ஸ்கிரிப்டைத் தனியாக ஓட்டி, கீழே அவுட்புட் பெட்டியில் அச்சிட்டுப் பார்க்கலாம். ஆனாலும் முதல் வாரமே ஏதோ ஒன்று ஓடுவதைப் பார்த்தால்தான் உங்களுக்குக் கை ஓடும் என்றால் மஞ்சள்பலகை சொல்வது போலச் செய்யுங்கள். ஒன்றே ஒன்று: பைத்தானுக்கான கேம் நூலகமான பைகேம் வைத்து முழுக் கேமையும் எழுதி, பிறகு அதை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோகலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். அந்தக் கடைசிப் படி பைத்தானில் மிகவும் கரடுமுரடு.

எழுத்தாணி:

திரை, தொடுதல், தமிழ் எழுத்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், டியூட்டோரியல்களில் இது கிடைக்காது.

நிறுத்திப் பிடிக்கும் போன், அடிப்படை அளவு 720க்கு 1280 என்று வையுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் ஸ்ட்ரெச் மோடு கேன்வாஸ் ஐட்டம்ஸ், ஆஸ்பெக்ட் எக்ஸ்பேண்ட் என்று கொடுங்கள். நீளமான போன்களில் மேலும் கீழும் கூடுதல் இடம் கிடைக்கும், பலகை நசுங்காது.

இந்தப் பலகையைத் தரையில் வரைகிற மாதிரியே திரையில் வரைந்தால், உச்சிக்குக் கீழே உள்ள வரிசையில் உள்பக்க நான்கு புள்ளிகளும் நெருங்கி நின்றுவிடும். விரல் வைத்தால் இரண்டு புள்ளிகள் மறையும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்படி தொடும் இடம் சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதனால் மேல் வரிசையைக் கீழே இறக்குங்கள். உச்சியை 360, 200இல் வையுங்கள் (இடமிருந்து 360, மேலிருந்து 200 பிக்சல்). அடி வரிசை மேலிருந்து 1000, அதில் புள்ளிகள் இடமிருந்து 90, 270, 450, 630. இடையில் உள்ள மூன்று வரிசைகளும் உச்சியிலிருந்து 0.5, 0.65, 0.8 விகிதத்தில், அதாவது மேலிருந்து 600, 720, 840இல். உள்ளே உள்ள நான்கு புள்ளிகளுக்கும், அடிப் புள்ளி நடுவிலிருந்து (360) இருக்கும் தூரத்தை அதே விகிதத்தால் பெருக்கிக் கணக்கிட்டால் சாய்கோடுகள் நேராக வரும். ஓரப் புள்ளிகள் இடமிருந்து 40, 680. இப்படி வைத்தால் மிக நெருங்கிய இரண்டு புள்ளிகளுக்கு இடையே 90 பிக்சல் கிடைக்கும். சாதாரண போனில் அது எட்டு மில்லிமீட்டரைத் தாண்டும். காயின் விட்டம் 70 பிக்சல் போதும்.

புள்ளிக்கு ஒரு பட்டன் என்று 23 பட்டன் வைக்காதீர்கள். விரல் பட்ட இடத்துக்கு மிக அருகில் உள்ள, அந்த நேரத்தில் செல்லுபடியாகும் புள்ளியை 60 பிக்சலுக்குள் தேடி எடுங்கள். தப்பாகத் தட்டுவது பெருமளவு குறையும். காயை இழுத்து வைப்பதை விட, காயைத் தட்டி, பிறகு இடத்தைத் தட்டுவது நல்லது. இழுக்கும்போது விரலே இடத்தை மறைக்கும். தேர்ந்தெடுத்த காய்க்குப் போக முடிகிற புள்ளிகளை லேசான வட்டத்தால் காட்டுங்கள், விதி தெரியாதவரும் ஆடக் கற்றுக்கொள்வார்.

இங்கே ஒரு பக் காத்திருக்கிறது. கோடோவில் தொடுதலையும் மவுஸ் கிளிக்காக அனுப்பும் செட்டிங் இயல்பாகவே ஆன் ஆகி இருக்கும். நீங்கள் டச் நிகழ்வையும் மவுஸ் நிகழ்வையும் இரண்டையும் கையாண்டால், லேப்டாப்பில் சரியாக ஓடும் கேம் போனில் ஒரே தட்டுக்கு இரண்டு ஆட்டை வைக்கும். மவுஸ் நிகழ்வை மட்டும் கையாளுங்கள். போனிலும் அதுவே வேலை செய்யும்.

தமிழ் எழுத்துக்கு வருவோம். கோடோ 4இல் கொம்பும் காலும் சரியான இடத்தில் வரும்; 3இல் உடைந்து வரும், 4ஐப் பிடித்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் கோடோவோடு வரும் ஃபான்டில் தமிழ் கிடையாது. லேப்டாப்பில் சிஸ்டம் ஃபான்டை எடுத்துக் காட்டிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். பிரவுசரில் ஓட எக்ஸ்போர்ட் செய்து (எடிட்டருக்கு வெளியே ஓடும் வடிவமாக்கி) பார்த்தால் வெறும் கட்டங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபைலை புராஜெக்டுக்குள் போட்டு, புராஜெக்ட் செட்டிங்ஸில் கஸ்டம் ஃபான்ட் என்ற இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதன் உரிமம் விற்பனைக் கேமிலும் சேர்க்க அனுமதிக்கிறது. பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்கள் யூனிகோடு அல்ல, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஊர்க் கதையை எழுத்து எழுத்தாகத் தோன்ற வைக்க நினைப்பீர்கள். இயல்பான செட்டிங்கில் "கொடி" என்ற சொல்லில் முதலில் க மட்டும் வந்து, அடுத்த நொடி கொம்பு முளைத்து க தள்ளிப் போகும், வரி முழுவதும் நடுங்கும். லேபிளில் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்று ஒன்று உண்டு; அதை ஆஃப்டர் ஷேப்பிங் என்று மாற்றினால் தீர்ந்தது. எழுத்துகளை எண்ணும் ஃபங்ஷனையும் நம்பாதீர்கள். "அம்மா" என்றால் 3 சொல்லாது, 5 சொல்லும், புள்ளியையும் காலையும் தனியாக எண்ணுவதால்.

எல்லா வாசகங்களையும் தொடக்கத்திலிருந்தே ஒரு சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) வையுங்கள். அதை எக்ஸெலில் திறந்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துங்கள், யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

படத்துக்குக் கவலை வேண்டாம். கோடுகளை டிரா ஃபங்ஷனிலேயே வரையலாம். புலிக்கு மஞ்சள் வட்டம், ஆட்டுக்கு வெள்ளை வட்டம் வைத்தே ஆட்டம் முழுவதையும் முடியுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக உள்ளே "பு", "ஆ" என்று ஓர் எழுத்தும் போட்டுவிடுங்கள்.

கிடைக்காரன்:

மிக்க நன்றி. பலகை, விதி, தொடுதல் மூன்றும் ஓடுகின்றன. 38, 56 இரண்டும் சரியாக வந்தன. நாய் இப்போதைக்கு அட்டையில் மட்டும்.

இரண்டு சந்தேகம். அன்டு (கடைசி நகர்வைத் திரும்பப் பெறும்) பட்டனுக்காக ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் பலகையை ஒரு லிஸ்டில் சேர்க்கிறேன். அழுத்தினால் எதுவும் மாறவில்லை. அச்சிட்டுப் பார்த்தால் சேர்த்து வைத்த எல்லாப் பலகையும் ஒரே மாதிரி இருக்கின்றன. அடுத்தது, கம்ப்யூட்டர் ஆட்டக்காரர்.

நிரல்வாசி:

அரேயை லிஸ்டில் சேர்க்கும்போது நகல் சேர்வதில்லை, அதே அரேதான் திரும்பத் திரும்பச் சேர்கிறது. பைத்தான் லிஸ்ட் மாதிரியே. டூப்ளிகேட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு நகலைச் சேருங்கள். நிலை முழுவதையும் ஒரு டிக்‌ஷனரியில் வைத்து, அதற்குள் பலகை அரே இருந்தால், டூப்ளிகேட்டுக்கு ட்ரூ என்று கொடுத்தால்தான் உள்ளே உள்ளதும் நகலாகும். இதை இப்போதே சரி செய்யுங்கள், ஏனென்றால் கம்ப்யூட்டர் ஆட்டக்காரரும் நகலில்தான் யோசிக்கப் போகிறார். நகல் எடுக்காவிட்டால், அவர் யோசிக்கும்போதே உங்கள் பலகையில் ஆடுகள் மறையும்.

எளிய நிலை, புலிப் பக்கம்: வெட்ட முடிந்தால் வெட்டு, இல்லாவிட்டால் ஏதோ ஒரு நகர்வு. ஆட்டுப் பக்கம்: உடனே வெட்டுப்படாத புள்ளியில் வை. பத்துப் பதினைந்து வரி. குழந்தைகளுக்கு இதுவே போதும்.

அடுத்த இரண்டு நிலைக்கும் மினிமேக்ஸ். கணிதம் ஒன்றும் இல்லை, "நான் இதைச் செய்தால் அவர் எதைச் செய்வார்" என்பதைத் தன்னைத் தானே கூப்பிடும் ஒரு ஃபங்ஷனாக எழுதுவதுதான். நடு நிலைக்கு 2 நகர்வு ஆழம், கடின நிலைக்கு 4. தொடக்கத்தில் ஆட்டுக்கு 20 காலி இடம், புலிகளுக்கு ஏறக்குறைய 8 நகர்வு என்று வைத்தால், 4 ஆழத்துக்கு 20 × 8 × 20 × 8, அதாவது 25,600 நிலைகள். 6 ஆழம் போனால் சுமார் 41 லட்சம். ஜிடிஸ்கிரிப்டில் அப்படியே ஓட்டினால் போன் திணறும். ஆல்ஃபா பீட்டா வெட்டுமுறையை (முடிவை மாற்றாத நகர்வுகளை ஆராயாமல் விடுவது) சேர்த்து, வெட்டு நகர்வுகளை முதலில் பரிசோதிக்கும்படி வரிசைப்படுத்தினால் இதில் பெரும்பகுதியைப் பார்க்கவே வேண்டியிருக்காது.

பலகையின் நிலைக்கு மதிப்பெண் தர, புலியின் கண்ணோட்டத்தில் இப்படித் தொடங்குங்கள்: வெட்டுப்பட்ட ஒவ்வோர் ஆட்டுக்கும் 100, அடைபட்ட ஒவ்வொரு புலிக்கும் கழித்தல் 150, புலிகளால் செய்ய முடிகிற ஒவ்வொரு நகர்வுக்கும் 2. வெற்றிக்கு 10,000 வைத்து, அதிலிருந்து எத்தனை நகர்வு தள்ளி அந்த வெற்றி வருகிறதோ அதைக் கழியுங்கள். கழிக்காவிட்டால், அடுத்த நகர்விலேயே வெல்லக்கூடிய புலி, மூன்று நகர்வு தள்ளி வரும் வெற்றியும் சமம்தான் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆடுபவர்கள் இதை முட்டாள்தனமாகப் பார்ப்பார்கள்.

யோசிக்கும் வேலையைத் தனி த்ரெட்டில் (மற்ற வேலைகளோடு கூடவே ஓடும் தனி ஓட்டம்) ஓட்டுங்கள். முதன்மை த்ரெட்டிலேயே ஓட்டினால் திரை உறையும். தட்டியதற்கு 5 நொடி பதில் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு "ஆப் பதிலளிக்கவில்லை" என்று பெட்டி காட்டும். அந்தத் த்ரெட்டிலிருந்து நேராக எந்த நோடையும் தொடாதீர்கள், முடிவை கால் டிஃபர்ட் (முதன்மை த்ரெட் பிறகு செய்யும்படி விடுவது) மூலம் அனுப்புங்கள். விடை உடனே கிடைத்தாலும் அரை நொடி நிறுத்திக் காயை நகர்த்துங்கள். இல்லாவிட்டால் என்ன நடந்தது என்று ஆடுபவருக்குத் தெரியாது.

தாயக்கட்டை:

இதோடு சமநிலை விதியையும் சேர்த்தாக வேண்டும். 15 ஆடும் இறங்கிய பிறகு இரு பக்கமும் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கலாம்; மனிதர்கள் சலித்து நிறுத்துவார்கள், கம்ப்யூட்டர் நிறுத்தாது. ஒரே நிலை, அதே முறையோடு மூன்றாவது தடவை வந்தால் சமநிலை என்று வையுங்கள். 23 எண்களையும் யார் முறை என்பதையும் ஒரே சரமாகச் சேர்த்து, டிக்‌ஷனரியில் எத்தனை தடவை வந்தது என்று எண்ணினால் போதும். ஓர் ஆடு வெட்டுப்பட்டதும் அந்த டிக்‌ஷனரியைக் காலி செய்துவிடலாம், பழைய நிலைகள் இனி திரும்ப வராது.

கம்ப்யூட்டர் ஆட்டக்காரர் வந்துவிட்டால் நாயை எண்ணிக்கையாகவே சோதிக்க முடியும். இரு பக்கமும் 2 ஆழம் யோசிக்க வைத்து, நாய் இல்லாமல் 500 ஆட்டம், நாயோடு 500 ஆட்டம் ஓட்டி, வெற்றிகளை எண்ணுங்கள். ஹெட்லெஸ் முறையில் திரை இல்லாமல் ஓட்டினால் வேகமாக முடியும். ஆனால் முதல் இரண்டு மூன்று நகர்வுகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வையுங்கள். மினிமேக்ஸ் ஒரே நிலையில் எப்போதும் ஒரே நகர்வைத்தான் செய்யும், அப்புறம் 500 ஆட்டமும் ஒரே ஆட்டமாக இருக்கும். ஆடுகளை 15, 14, 13 என்று மாற்றி மாற்றி ஓட்டி, நாய் இல்லாத ஆட்டத்தின் வெற்றி விகிதத்துக்கு எது நெருங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்பலகை:

போனுக்குக் கொண்டுபோகும் வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள், இந்த வாரமே ஒரு தடவை செய்து பாருங்கள். ஓப்பன் ஜேடிகே 17 (ஜாவா கருவித் தொகுப்பு), ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் கருவித் தொகுப்பு), கோடோவின் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் மூன்றும் வேண்டும். டெம்ப்ளேட்டின் பதிப்பு எண் எடிட்டரின் பதிப்போடு அப்படியே ஒத்துப்போக வேண்டும்.

லேப்டாப்பில் ஓடி போனில் படமோ ஒலியோ வராமல் போனால் ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. எக்ஸ்போர்ட் ஆன கேம் பார்க்கும். எல்லா ஃபைலுக்கும் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். ஆட்டத்தைச் சேமிக்கும் ஃபைலை யூசர் பாதையில் (user://) எழுத வேண்டும். புராஜெக்ட் ஃபைல்கள் இருக்கும் ரெஸ் பாதையில் (res://) எழுதினால் எடிட்டரில் வேலை செய்யும், போனில் அது படிக்க மட்டும்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு 25 டாலர், ஒரே முறை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருக்க வேண்டும். நடுவில் யாராவது விலகி எண்ணிக்கை 12க்குக் கீழே போனால் அனுமதி தள்ளிப்போகும். 16, 17 பேரைச் சேர்த்து வையுங்கள். கணக்கு, அடையாளச் சரிபார்ப்பு, இந்தப் பதினான்கு நாள் எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் எளிதாகப் போய்விடும். அதற்குள் பிரவுசர் வடிவத்தை, கேம்களைப் பகிரும் இட்ச் (itch.io) தளத்தில் இலவசமாக ஏற்றிப் பலரை ஆட வைக்கலாம். முதன்மை ஃபைலின் பெயர் இண்டெக்ஸ் என்று இருக்க வேண்டும், அதோடு வந்த எல்லா ஃபைலையும் சேர்த்து ஜிப் செய்து ஏற்றுங்கள். தொடங்க ஒரு பட்டனைத் தட்டும்படி முதல் திரையை அமையுங்கள். ஆடுபவர் ஒரு தடவையாவது தொடும் வரை பிரவுசர் ஒலியை விடாது.

பேக்கேஜ் பெயரை (ஆப்பின் தனி அடையாளப் பெயர்) யோசித்து வையுங்கள், பிளே ஸ்டோரில் ஏற்றிய பிறகு மாற்றவே முடியாது. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் வெர்ஷன் கோட் என்ற பதிப்பு எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். ஆப் உங்களுடையது என்று காட்டும் கையொப்பச் சாவி ஃபைலையும் அதன் பாஸ்வேர்டையும் லேப்டாப்பில் மட்டும் வைக்காமல் பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.